பக்கத்தில் வந்தால் மட்டும்

ஆபீஸ் லிஃப்டில் கதவு மூடியதும் தெரிந்துவிடும், யார் என்ன சென்ட் போட்டிருக்கிறார்கள் என்று. காலை நேரத்தில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்கும்போது ஒருவர் பூசியது எல்லோருக்கும் பொது. மேல்மாடி வருவதற்குள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தினப்படி வாசனைக்கு இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது என்பது என் கட்சி. அதில் கௌரவமாகத் தேறிவிடுவது லாவெண்டரோடு மரவாசனை சேர்ந்த, சத்தம் போடாத அந்தப் பழைய வகைதான்.

ஆனால் கடையில் அதை யாரும் தானாக எடுத்துக் காட்டுவதில்லை. மாலில் உள்ள சென்ட் கடைக்குள் நுழைந்தால், காகிதப் பட்டையில் எதையோ அடித்து விசிறிக்கொண்டே ஒரு பையன் வருவான்.

“சார், இது செம லாங் லாஸ்டிங். நீங்க ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி உங்க வாசனை வந்துரும்.”

“நான் வந்தப்புறம் வந்தாப் போதும் தம்பி. லாவெண்டர் ஏதாவது இருக்கா?”

முகத்தில் சின்ன ஏமாற்றம். “இருக்கு சார். பெரியவங்கதான் அதக் கேப்பாங்க” என்று கீழ்த்தட்டைக் குனிந்து பார்ப்பான்.

அவன் சொல்வதில் தப்பில்லை. வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, அந்த வாசனைக்கும் வயதாகிவிட்டது. 1882இல் பாரிஸின் ஊபிகான் நிறுவனத்துக்காகப் போல் பார்கே என்பவர் ‘ஃபூஜேர் ரோயால்’ என்றொரு சென்ட் செய்தார். பெரணிச் செடியின் பெயர் அது. பெரணிக்கு வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்த மனிதர் கற்பனை செய்துவிட்டார். லாவெண்டர், ஓக் மரத்தில் படரும் பாசி, கூமரின் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் கற்பனையின் எலும்புக்கூடு. கூமரின் என்பது அறுத்துப் போட்டுக் காய்ந்துகொண்டிருக்கும் புல்லின் வாசனை. 1868இல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டியவர் வில்லியம் பெர்கின், பதினெட்டு வயதில் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த அதே ஆங்கிலேயர். லாவெண்டர் வழியாகவும் ஊதா அவரை விடவில்லை போலும்.

1889இல் கெர்லேன் நிறுவனம் ‘ஜிக்கி’யை வெளியிட்டது (நம் பாடகி ஜிக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அதிலும் லாவெண்டர் உண்டு, ஆண் பெண் இருவரும் பூசிக்கொண்டார்கள். 1934இல் காரோன் நிறுவனத்தின் எர்னெஸ்ட் டால்ட்ராஃப், ஆணுக்கென்றே பெயர் சூட்டி ‘பூர் அன் ஓம்’ என்பதைக் கொண்டுவந்தார். லாவெண்டரும் வனிலாவும்தான் அதில் பிரதானம். இன்றும் விற்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த ஷேவிங் சோப்பு, ஆஃப்டர்ஷேவ், டால்கம் பவுடர் பலவும் பார்கே போட்ட பாதையில்தான் நடந்தன. லாவெண்டர் என்றாலே சலூன் ஞாபகம் வருவது அதனால்தான்.

எங்கள் தெரு சலூனில் அந்த வாசனை கன்னத்தில் ஆரம்பித்துப் பின்கழுத்தில் முடியும். கத்தி வழித்து முடிந்ததும் சலூன்காரர் ஈரப் படிகாரக்கல்லைத் தாடையில் உருட்டுவார். சுரீர் என்று ஒரு எரிச்சல். அது அடங்குவதற்குள் உள்ளங்கையில் லோஷனைக் கொட்டி இரண்டு கன்னத்திலும் தட்டுவார், அறைகிறாரோ என்று சந்தேகம் வருகிற மாதிரி. கடைசியாகப் பவுடர் பிரஷ்ஷால் காலருக்குள் ஒரு வீச்சு. எழுந்து வெளியே வந்தால் வெயில் பட்டு அந்த மொத்தக் கலவையும் ஒருமுறை மேலே எழும். சுத்தமாகிவிட்டோம் என்பதற்கு மூக்கு தருகிற ரசீது அது.

லாவெண்டர் என்றதும் முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். “அய்யய்யோ, அது பாத்ரூம்ல அடிக்கிற ஸ்ப்ரே வாசனை சார்” என்பார்கள். குற்றம் லாவெண்டர் மீது இல்லை, அதன் கலப்புப் பிள்ளைமீது. பிரான்ஸின் தெற்கே புரோவான்ஸ் மலைப்பகுதியில் உயரத்தில் விளைவது அசல் லாவெண்டர். 800 மீட்டருக்கு மேல் விளைந்த பூவிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு 1981லிருந்து அங்கே தனியாகப் பிறப்பிட முத்திரை உண்டு. கீழே சமவெளிப் பக்கம் ஸ்பைக் லாவெண்டர் என்று ஒன்று, கற்பூர நெடி கூடியது. இரண்டும் கலந்து பிறந்தது லாவண்டின். விதை கட்டாது, போத்து நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஆனால் ஒரே அளவு நிலத்தில் அசலைவிடப் பல மடங்கு எண்ணெய் தரும், விலையும் மலிவு. காலண்டர்களில் அடிவானம் வரை ஊதாவாக ஓடுகிற வயல்கள் பெரும்பாலும் லாவண்டின்தான். சோப்புத்தூளுக்கும் தரை துடைக்கிற திரவத்துக்கும் போவது அதன் எண்ணெய். அந்தக் கற்பூரக் காரத்தைத்தான் நாம் லாவெண்டர் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அசலில் ஒரு மெல்லிய பழத்தித்திப்பு இருக்கும், கொஞ்சம் மூலிகை, கொஞ்சம் தேன். முகர்ந்து பார்த்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது.

ஆனால் அசல் லாவெண்டரை மட்டும் பூசிக்கொண்டு கிளம்பினால் பஸ் ஸ்டாப் தாண்டுவதற்குள் காலி. அதில் பெரும்பகுதி லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு சேர்மங்கள். இரண்டும் சீக்கிரம் ஆவியாகிறவை. சென்னை வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். மரம் தேவைப்படுவது இங்கேதான். சீடர், வெட்டிவேர், சந்தனம் எல்லாம் கனத்த சரக்கு, தோலைவிட்டு எளிதில் கிளம்பாது. கைதேர்ந்தவர் செய்த சென்ட்டில் லாவெண்டர் முடிவதும் மரம் தொடங்குவதும் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. அடித்தவுடன் பச்சையாக, குளிர்ச்சியாக ஒரு வீச்சு. ஆபீஸ் போய்ச் சேரும்போது பூ அடங்கி, காய்ந்த புல் மாதிரி ஒரு இதம். மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது மணிக்கட்டில் மிஞ்சியிருப்பது பென்சில் சீவின வாசனைதான். அது நிஜமாகவே பென்சில் வாசனை. சென்ட்டுக்குப் போகிற வர்ஜீனியா சீடர் மரத்தில்தான் ஒரு காலத்தில் பென்சிலும் செய்தார்கள்.

மதியத்துக்கு மேல் அதை முகர வேண்டுமென்றால் மணிக்கட்டை மூக்குவரை கொண்டுபோக வேண்டும். வாங்குகிறவர்களில் பலருக்கு இது குறை. “ஆறாயிரம் கொடுத்து வாங்கி, யாருக்கும் தெரியலேன்னா எதுக்கு சார்?” என்று என் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. என் மூக்குக்கும் அது காலையிலேயே பழகிவிடும். ஒரே வாசனை தொடர்ந்து இருந்தால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. தன் சென்ட் தனக்கே கேட்கவில்லையே என்று மேலும் மேலும் அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அதனால் நான் வீட்டு அம்மாவின் மூக்கை நம்புகிறேன்.

“என்னங்க, இன்னிக்கு சென்ட் போடலையா?”

“போட்டாச்சே.”

“கிட்ட வாங்க... ம்ம், இருக்கு.”

வாசல் கதவருகே நடக்கிற இந்தச் சோதனையில் ‘கிட்ட வாங்க’ என்ற சொல் வராமல் ‘இருக்கு’ மட்டும் வந்தால் அன்று கூடிவிட்டது என்று அர்த்தம். ஃபேனடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவேன். சட்டை மேல் அடிக்காமல், சட்டை போடுவதற்கு முன் மார்பில் அடித்துக்கொள்வதும் அவர் சொன்ன யோசனைதான். துணி வாசனையைப் பிடித்துவைத்து மெல்லமாக விடும்.

சத்தமான வாசனைக்கு நான் விரோதி இல்லை. நம் ஊர்க் கல்யாணத்தில் சந்தனமும் பன்னீரும் மல்லிகையும் ஜவ்வாதும் போட்டி போட வேண்டும், போட்டால்தான் கல்யாணம். திருவல்லிக்கேணி அத்தர் கடையில் ஊது அத்தரைப் புறங்கையில் தடவிவிட்டால் மறுநாள் குளித்த பிறகும் இருக்கும். அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. துபாயிலிருந்து வருகிற மாமாக்கள் பெட்டியைத் திறந்ததும் தெரு முழுக்க ‘ஃபாரின் சென்ட்’ அடித்த காலத்தில், அந்த நெடிக்குள் அவர்கள் அங்கே பட்ட பாடும் இங்கே வாங்கின மரியாதையும் சேர்ந்தே இருந்தன. அதெல்லாம் வந்து இறங்கியதை ஊருக்கு அறிவிக்கிற வாசனை. செவ்வாய்க்கிழமை காலை ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் சரிபார்க்கப் போகிறவன் அறிவிக்க என்ன இருக்கிறது?

லாவெண்டர் இப்போது நம் நாட்டிலும் விளைகிறது. ஜம்முப் பக்கம் தோடா மாவட்டத்தில் பதர்வா என்ற மலையூரில், மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த விவசாயிகள் பலர், சி.எஸ்.ஐ.ஆரின் நறுமணப் பயிர்த் திட்டத்தின் கீழ் லாவெண்டருக்கு மாறியிருக்கிறார்கள். ‘ஊதாப் புரட்சி’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. வெட்டிவேருக்கு நாம் வெளியே போக வேண்டியதே இல்லை, கடலூர் கடலோர மணலில் விளைகிறது. அதை எடுத்துப் பானைத் தண்ணீரிலும் தலையணையிலும் போடுகிறோம், விசிறி பின்னுகிறோம். பதர்வா எண்ணெயையும் கடலூர் வேரையும் ஒரே புட்டியில் சேர்த்து, ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி அடக்கமாக யாராவது ஒரு சென்ட் செய்தால் நான் வாங்கத் தயார். விலை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் பக்கத்து சீட்டுக்காரருக்கும் சேர்த்து.