லெய்ட்டன் தோட்டத்து மரம்

வேல்ஸ் நாட்டின் கிழக்கு எல்லையில் வெல்ஷ்பூல் என்னும் சிற்றூர் உள்ளது. அதனருகே, செவர்ன் ஆற்றுக்கு அப்பாலுள்ள சரிவில் லெய்ட்டன் மாளிகை நிற்கிறது. லிவர்ப்பூல் வங்கியாளர் ஜான் நெய்லர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பியது. தொலைநாட்டு மரங்களைத் தருவித்து நடுவதில் அவருக்குப் பெருவிருப்பம். அவர் காலத்து ரெட்வுட் மரங்களை அண்ணாந்து பார்த்ததில் நமக்குக் கழுத்து வலித்ததே மிச்சம்! ஆயினும் நாம் நாடிச் சென்றது வேறொரு மரத்தின் பிறப்பிடத்தை.

சைப்ரஸ் மரங்களை உதகமண்டலத்தில் வாசக அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அங்கே நடப்பட்டுள்ளவற்றுள் ஒன்று மான்டெரே சைப்ரஸ். அதன் இயற்கைத் தாயகம் கலிபோர்னியக் கடலோரத்தின் இரண்டே சிறு தோப்புகள். நூட்கா சைப்ரஸோ வடக்கே அலாஸ்கா வரை பரவிய குளிர்மலை மரம். தாயகத்தில் இவ்விரண்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல்கள். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றைச் சேர வழியில்லை.

லெய்ட்டனில் இரண்டும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தன. 1888இல் நூட்கா மரத்தின் விதையிலிருந்து முளைத்த ஆறு கன்றுகள் தாயை ஒத்திருக்கவில்லை. தந்தை மான்டெரே! மனிதன் செய்தது நட்டது மட்டுமே. மணமுடித்து வைத்தது காற்று. 1911இல் அதே தோட்டத்தில் மான்டெரே தாயாகவும் நூட்கா தந்தையாகவும் மாறி மீண்டும் கன்றுகள் தோன்றின. முதற்கன்றுகளை வளர்த்த நெய்லரின் மைந்தர் பின்னர் லேலண்ட் என்ற குடும்பப் பெயரை ஏற்றார். தாவரவியலார் டாலிமோரும் ஜாக்சனும் 1926இல் அப்பெயரையே மரத்துக்குச் சூட்டினர்.

அறிஞர்களுக்குச் சங்கடம் இங்கேதான். அக்காலத்தில் பெற்றோர் இருவரும் வெவ்வேறு பேரினங்களில் வைக்கப்பட்டிருந்தனர். பேரினம் கடந்த கலப்பு மிக அரிது. நூட்கா 1824இல் சைப்ரஸ் பேரினத்தில் பெயர் பெற்று, 1841இல் வேறொன்றுக்கு மாற்றப்பட்ட மரம். 1999இல் வியட்நாமின் சுண்ணாம்பு மலைகளில் அதன் உறவு மரமொன்று கண்டறியப்பட, 2002இல் இரண்டுக்கும் புதுப் பேரினம் வகுத்தனர். மீண்டும் சைப்ரஸிலேயே சேர்ப்போரும் உளர்; வழக்கு இன்னும் முடியவில்லை. பெற்றோர் நெருங்கிய உறவினரே என்று அந்த ஆறு கன்றுகளும் அன்றே சாட்சி சொல்லிவிட்டன என்பது நம் கருத்து.

ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரும் இம்மரத்தைக் கிளைத்துண்டுகளால் பெருக்கி, இங்கிலாந்தெங்கும் வேலியாக நட்டனர். வெட்டாது விட்டால் 30 மீட்டரையும் தாண்டும். அண்டை வீட்டாரின் வெயில் மறைந்தது, பேச்சும் நின்றது. 2003இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று: இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பசுவேலி வெளிச்சத்தை மறைத்தால் உள்ளாட்சி மன்றத்தில் முறையிடலாம். நாம் தங்கிய தெருவில் ஒரு மூதாட்டி நண்பகலிலும் சமையலறையில் விளக்கேற்றியே வைத்திருந்தார். வேலிக்கு அப்பால் குடியிருந்தவர் அவருடைய பால்ய நண்பராம்.