காற்றுக்குள் ஒரு குரல்

பொக்காராவில் சின்ன விமானத்திலிருந்து மலையைப் படம் பிடிப்பது சுலபம். சத்தத்தைப் பிடிப்பதுதான் பாடு.

பைலட் என் பைகளைச் சோதனை போட்டார். பேனா, கைக்குட்டை, சில்லறை, செல்போன் எல்லாம் வெளியே வந்தன. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு நாடாவைக் கட்டித் தலையோடு இறுக்கினார். "பின்னால் விசிறி இருக்கிறது சார்" என்றார் இந்தியில். "இங்கிருந்து எது பறந்தாலும் நேராக அதற்குள்தான் போகும்."

2019 நவம்பர். நேபாளத்தின் பொக்காரா நகருக்குள் இருக்கும் பழைய விமான நிலையம். எதிரே நின்ற பொருளை விமானம் என்று நம்புவதே சிரமம். மூன்று சக்கரங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள். தலைக்கு மேல் பட்டம் போல ஒரு முக்கோணச் சிறகு. பயணியின் முதுகுக்குப் பின்னால் இன்ஜின், அதற்கும் பின்னால் விசிறி. கூரை இல்லை, கதவு இல்லை. அல்ட்ராலைட் என்று பெயர். ஆட்டோ ரிக்‌ஷாவில்கூட இதைவிடப் பாதுகாப்பாக உணரலாம்.

ஆனாலும் இதற்குக் கூட்டம் வருகிறது என்றால் காரணம் மலை. பொக்காரா கடல் மட்டத்திலிருந்து 820 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் 6,993 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது மச்சபுச்சரே. மீன்வால் என்று அர்த்தம். மச்சாவதாரம் தெரிந்த நமக்குப் பாதிப் பெயர் புரிந்துவிடும். 1957ல் ஜிம்மி ராபர்ட்ஸ் தலைமையில் போன பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சுமார் 50 மீட்டர் கீழே நின்று திரும்பியது. பிறகு மலை ஏற அனுமதி இல்லை. பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமானால் பறக்க வேண்டியதுதான்.

பறப்பவர்கள் எல்லோருக்கும் படம் வேண்டும். அதற்காகவே சிறகின் ஓரத்தில் ஒரு கேமராவைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். தீப்பெட்டிகள் இரண்டை ஒட்டியது போல ஓர் உருவம். நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலான எடை. ஆக்‌ஷன் கேமரா என்பார்கள். அலைச்சறுக்கு விளையாடுபவர்களும் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களும் உடம்பில் கட்டிக்கொள்வதற்காக வந்த சாதனம். பெரிய கேமராவைப் போல ஆள் நின்று இயக்க வேண்டாம். முடுக்கிவிட்டால் அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருக்கும்.

நானும் ஒன்று கொண்டு போயிருந்தேன். அதைத் தலைக்கவசத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று எண்ணம். பைலட் அதை வாங்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒட்டுப்பட்டை குளிரில் விட்டுப்போகும். உறிஞ்சுகிண்ணம் வைத்த தாங்கியும் அப்படியே. உயரத்தில் காற்றழுத்தம் குறையக் குறைய அதன் பிடி தளரும். காரில் விழுந்தால் கேமரா உடையும். இங்கே விழுந்தால் விசிறி உடையும். எனவே சிறகில் எங்கே பொருத்துவது, எந்தத் திருகு, அது கழன்றாலும் தொங்கும்படி எந்தக் கயிறு என்பதெல்லாம் அவர்கள் முன்பே முடிவு செய்தவை. பயணியின் யோசனைக்கு இடமில்லை. சரிதானே?

முதல் நாள் பறந்தேன். ஓடுபாதை கீழே நழுவியது. பேவா ஏரி ஒரு கண்ணாடித் துண்டானது. சாரங்கோட் மேட்டைத் தாண்டியதும் மீன்வால் மூக்குக்கு நேரே வந்து நின்றது. பைலட் கையை நீட்டி நீட்டி ஏதோ சொன்னார். தலைக்கவசத்துக்குள் இருந்த ஹெட்போனில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. நானும் பதில் சொன்னேன், கேள்வி கேட்டேன், ஓர் இடத்தில் காரணமில்லாமல் சிரித்தேன்.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து படத்தைப் போட்டேன். மலை அபாரம். வெயில் அபாரம். ஒலி? அரை மணி நேரமும் ஒரே இரைச்சல். பிரஷர் குக்கருக்குள் தலையை விட்டது போல. பைலட் வாயசைக்கிறார், நான் சிரிக்கிறேன். ஊமைப்படம்.

டெல்லியில் தொலைக்காட்சிக்கு ஒலிப்பதிவு செய்யும் நண்பனுக்கு போன் செய்தேன். அவன் அனுதாபப்படவில்லை. "மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல காத்து மைக்கை அறைஞ்சா அது வேற என்னத்தைடா பதிவு பண்ணும்? மைக்கு காதுக்குள்ள இருக்கணும்" என்றான். பிறகு பத்து நிமிடம் பாடம் எடுத்தான்.

பாடம் எளிமையானது. இரைச்சலில் இரண்டு வகை. ஒன்று இன்ஜின் சத்தம், மற்றொன்று காற்று. இன்ஜினைக் காது பொறுத்துக்கொள்ளும். காற்றுதான் எதிரி. மைக்கில் இருக்கும் மெல்லிய தகடு பேச்சின் சிறு அதிர்வை உணர்வதற்காகச் செய்யப்பட்டது. அதன் மேல் காற்று நேராக மோதினால் பேச்சு அடிபட்டுப்போகிறது. ஆனால் விமானத்தில் காற்றே நுழையாத ஓர் இடம் உண்டு. பயணியின் காதை மூடியிருக்கும் ஹெட்போன் கிண்ணம். பைலட் பேசுவதும் பயணி பேசுவதும் இன்டர்காம் வழியாக அங்கேதான் வந்து சேர்கின்றன. சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கை அதற்குள் செருகிவிட்டால் போதும். இருவர் குரலும் கிடைக்கும், இன்ஜின் தூரத்து ரீங்காரமாகப் பின்னால் நிற்கும். மைக்கின் வயர் உடைக்குள் இறங்கி, ஜிப் வைத்த பையில் இருக்கும் சின்ன ரெக்கார்டரில் முடியும்.

"தானியங்கி அளவை வெச்சிடாதே" என்றும் சொன்னான். பேச்சு நின்றதும் ரெக்கார்டர் தானாகவே ஒலியைக் கூட்டி இன்ஜினை உறுமவிடும். அளவைக் கையால் வைத்துவிட வேண்டும். கடைசியாக ஒன்று: இன்ஜின் முடுக்கும் முன் கேமரா முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்ட வேண்டும். சினிமாவில் கிளாப் அடிப்பது எதற்காக என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. படத்தில் கைகள் சேரும் கணமும் ஒலியில் தட்டும் கணமும் ஒன்றானால், தனித்தனியாகப் பிடித்த இரண்டும் கடைசிவரை பொருந்தி ஓடும்.

படத்துக்கும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்கு வந்த விசிறி விமானத்தில் ஜன்னல் வழியே செல்போனில் படமெடுத்திருந்தேன். அதில் விசிறியின் இதழ்கள் கதிர் அரிவாள் போல வளைந்து மிதந்தன. விமானத்தில் கோளாறு இல்லை. இந்தக் கேமராக்கள் காட்சியை ஒரே வீச்சில் பிடிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் இதழ் நகர்ந்துவிடுகிறது. கேமராவுக்கும் ஒரு கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டால் தீர்ந்தது. வெளிச்சம் குறைவதால் ஒவ்வொரு படத்துக்கும் அது சற்று நேரம் கூடுதலாகக் கண்ணைத் திறந்து வைக்கும். அரிவாள்கள் கலைந்து, நம் கண்ணுக்குத் தெரிவது போல மங்கலான வட்டமாகிவிடும்.

இதற்கே இவ்வளவு பாடு என்றால் ஆரம்ப காலத்தில் போனவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். எவரெஸ்டின் மேல் முதன்முதலாக விமானங்கள் பறந்தது 1933 ஏப்ரல் 3ல். அவை கிளம்பியது பீகாரின் பூர்ணியாவிலிருந்து. இரண்டு வெஸ்ட்லேண்ட் விமானங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். மின்சாரத்தால் சூடேற்றிய உடையும் ஆக்ஸிஜன் குழாயுமாகப் போனார்கள். ஒன்றில் இருந்தவர் பான்னெட் என்ற சினிமா ஒளிப்பதிவாளர். வழியில் அவருடைய ஆக்ஸிஜன் குழாய் விரிசல் கண்டது. கைக்குட்டையை அதில் சுற்றிக் கட்டிவிட்டு மயங்கி விழுந்தார். விமானம் கீழே இறங்கிய பிறகே நினைவு திரும்பியது. அந்தப் பறப்பைப் பற்றிய 'விங்ஸ் ஓவர் எவரெஸ்ட்' என்ற குறும்படத்துக்கு 1936ல் ஆஸ்கர் விருது கிடைத்தது. இன்று அவருடைய வேலையைச் சிறகில் ஆணியடித்த இரண்டு தீப்பெட்டிகள் செய்கின்றன.

இரண்டாம் நாள் காலையிலேயே போய் நின்றேன். பகல் ஏறினால் பள்ளத்தாக்கில் காற்றும் ஏறும், படமும் ஆடும். பைலட் என் வயரைக் கண்டதும் முகம் சுளித்தார். அது காலர் வழியே உள்ளே போய் எங்கும் வெளியே வராமல் பையில் முடிவதைக் காட்டினேன். வெளியே தெரிந்த ஓர் அங்குலத்தையும் துணிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். கைதட்டச் சொன்னபோது சிரித்தார். நான் தட்டினேன்.

இந்த முறை எல்லாம் கிடைத்தது. மலை முதல் நாளைப் போலத்தான் இருந்தது. ஒலிதான் வேறு. அதில் பைலட் விமான நிலையத்தோடு பேசுகிறார். எனக்கு அன்னபூர்ணாவைக் காட்டுகிறார். 1950ல் பிரெஞ்சுக்காரர்கள் ஏறிய மலை, மனிதன் உச்சியைத் தொட்ட முதல் எட்டாயிரம் மீட்டர் மலை என்று பாடம் நடத்துகிறார். என் மூச்சுகூடக் கேட்கிறது. திரும்பும்போது நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளவைக் காட்டுகிறார். சேத்தி நதியின் பள்ளம். சேத்தி என்றால் வெள்ளை, தண்ணீர் பால் கலந்தது போல ஓடும். அதற்கு அப்பால் கட்டிக்கொண்டிருந்த புதிய விமான நிலையத்தைக் காட்டி, "அது திறந்தால் ஊரே மாறிவிடும் சார்" என்கிறார். நான் "ஆமாம், ஆமாம்" என்கிறேன். கேட்டால் தெரியும், என் கவனம் மலையில் இருந்தது.

புதிய நிலையம் 2023 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரங்கள் கழித்து ஜனவரி 15ல், காத்மாண்டுவிலிருந்து அங்கே இறங்க வந்த விமானம் அந்த சேத்தி பள்ளத்தில் விழுந்தது. 72 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. ஐந்து பேர் இந்தியர்கள். அவர்களில் ஓர் இளைஞர் தன் செல்போனில் அந்தக் கடைசி நிமிடங்களை நேரலையில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே ஊர், சக பயணிகளின் முகங்கள், பிறகு நெருப்பு. அந்தப் படம் அன்று மாலைக்குள் ஊர் ஊராகப் போனது. எனக்கும் வந்தது. ஒருமுறை பார்த்தேன். மறுபடி பார்க்கவில்லை.

என்ன நடந்தது என்பதை அந்தப் படம் காட்டியது. ஏன் நடந்தது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொன்னது விமானத்தின் பறப்பு விவரப் பதிவும் பைலட்களின் அறையில் இருந்த ஒலிப்பதிவும்தான். இன்ஜின்களிலிருந்து சக்தி வரவில்லை என்று விமானத்தை ஓட்டியவர் சொன்ன வார்த்தைகள் அதில் இருந்தன. இன்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சிறகின் மடலை இறக்க வேண்டிய நேரத்தில், விசிறிகளுக்கான நெம்புகோல்கள் தவறுதலாக நகர்த்தப்பட்டன. விசிறி இதழ்கள் காற்றை உந்தாத நிலைக்குத் திரும்பிவிட்டன. விசாரணை முடிவு அதுதான்.

பைலட்கள் பேசுவதையும் பதிவு செய்ய வேண்டும் என்ற யோசனையை 1950களில் முன்வைத்தவர் டேவிட் வாரன் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி. காமெட் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து விழுந்து, காரணம் தெரியாமல் எல்லோரும் திகைத்துக்கொண்டிருந்த காலம். பொருட்காட்சியில் பார்த்த ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது. விழுந்த விமானத்தில் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்திருந்தால்? அவருடைய அப்பாவும் 1934ல் விமான விபத்தில் இறந்தவர்.

இந்தியாவில் விமானத்திலிருந்து படமெடுப்பதை 1937ம் ஆண்டு விமான விதிகள் எழுத்துப்பூர்வமான அனுமதியோடுதான் விட்டன. நம் அரசுக்குப் படத்தின் மேல் எப்போதும் சந்தேகம். நமக்கோ படத்தின் மேல் மட்டுமே ஆசை. ஒலியை யாரும் கேட்பதில்லை.

நான் இப்போது அந்த இரண்டாம் நாள் பதிவைப் படம் இல்லாமல்தான் கேட்கிறேன். பைலட் பதற்றமில்லாமல் பேசுகிறார். காற்று எந்தப் பக்கம் என்கிறார், பள்ளத்துக்கு மேலே சற்று ஆடும் என்கிறார், ஆடியதும் "ஒன்றுமில்லை சார்" என்கிறார். மலை யார் போனாலும் இருக்கும். அதை என்னைவிட நன்றாக எடுத்தவர்கள் ஆயிரம் பேர். அந்த அரை மணி நேரம் என் உயிரைக் கையில் வைத்திருந்தவர் என்ன சொன்னார் என்பது இந்த ஒரு பதிவில்தான் இருக்கிறது.

நீங்கள் பொக்காரா போனால் காலையில் பறங்கள். கேமராவை அவர்கள் பொருத்தட்டும். பைகளைக் காலி செய்துகொள்ளுங்கள். காதுக்குள் ஒரு மைக், முடிகிற வரை ஒரு வயர், பைலட்டிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை. கைதட்ட மறக்காதீர்கள். மேலே போனதும் அவர் எதைக் காட்டினாலும் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள். நான் திரும்பவில்லை.