கையொப்பம்

சென்ற கிழமை மகள் பாடசாலையிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். தரம் ஆறு மாணவிகளுக்கான எச்.பீ.வீ. தடுப்பூசிக்குப் பெற்றோரின் சம்மதம். 2017 முதல் நாடு முழுவதும் இலவசமாகப் போடுகிறார்கள். "பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஏன் இது?" என்றார் இவர். படிவம் இரண்டு நாள் மேசையில் கிடந்தது. எனக்கு அக்காவின் நினைவு.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். உடுவிலில் எங்களுக்கு அடுத்த வளவு. வெளிநாட்டிலிருந்து வந்த கணவர் மெலிந்து மெலிந்து இறந்த பிறகுதான் அவளுக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. எங்களுக்கு மட்டும் சொன்னாள். நான் படித்தவள், ஆனாலும் அவள் தேநீர் குடித்த கோப்பையைத் தனியாகக் கழுவி வைத்தேன். கண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை தன் கோப்பையைத் தானே கொண்டுவந்தாள்.

குளிசைகளை ஒரு நாளும் தவறவிடமாட்டாள். இரத்தத்தில் கிருமி நன்றாகக் குறைந்துவிட்டதாம் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். இன்னொரு கிருமியை யார் நினைத்தோம்? எச்.பீ.வீ. பலருக்கும் வருவது, பெரும்பாலும் இரண்டொரு வருடத்தில் உடல் தானே விரட்டிவிடும். எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடலில் தங்கிவிடுகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் ஆபத்து ஏனையோரை விட ஏறத்தாழ 6 மடங்கு. அவர்களை 25 வயதிலிருந்தே பரிசோதிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எமது சுகவனிதையர் கிளினிக்குகள் பொதுவாக அழைப்பது 35 வயதில். 2008இல் மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி எச்.பீ.வீ.க்கும் இப்புற்றுநோய்க்குமுள்ள தொடர்பைக் கண்ட ஹரால்ட் சூர் ஹவுசனுக்கும், மறு பாதி எச்.ஐ.வி.யைக் கண்ட இருவருக்கும் போயிற்று. அக்காவின் உடலிலும் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அவள் ஒருமுறை பரிசோதனைக்குப் போனவள்தான். எங்கே என்று எழுதமாட்டேன். வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுந்து வந்துவிட்டாள். "வேறு இடத்துக்குப் போவம், நானும் வாறன்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரத்தப்போக்குத் தொடங்கிப் பல மாதங்களின் பின்தான் தெல்லிப்பழைக்குப் போனோம். மருதனார்மடத்தில் பஸ் ஏறினால் அதிக தூரமில்லை. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் சேர்த்த பணத்தில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. தாதிமார் அன்பாகவே பார்த்தார்கள். நோய் முற்றியிருந்தது.

"குளிசை ஒழுங்காய்ப் போட்டனான்தானே பிள்ளை, பிறகேன் இது?" என்று கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியாது.

எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன், கோப்பை விடயத்தையும். இவர் எழுந்து பேனையைத் தேடினார்.

"ஊசி நோகுமோ அம்மா?" என்றாள் மகள்.

"கொஞ்சம் நோகும்" என்றேன்.