இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்! - அஞ்சுகிராமம் பக்கம் ஒரு நாள் பயணம்

காலை ஆறரை மணி. அஞ்சுகிராமம் ஜங்ஷனில் நாகர்கோவில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்களின் ஒரு கையில் காப்பி, இன்னொரு கையில் போன். கிழக்கே கடலிலிருந்து சூரியன் எழுந்து வந்துகொண்டிருக்கிறது. தூரத்தில் காற்றாலைகள் மெல்லச் சுழல்கின்றன. பனைகளுக்கு நடுவே வெளிச்சம் பரவுகிறது. நிமிர்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை!

இதை இந்த ஊரின் குறையாகச் சொல்ல முடியாது. எல்லா ஊர் பஸ் நிறுத்தத்திலும் இதே காட்சிதான். ஆனால், இந்த ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டருக்குள், போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், திருநெல்வேலி மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது அஞ்சுகிராமம் பேரூராட்சி. ஐந்து கிராமம் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் கூடங்குளம் சாலை, ஒரு பக்கம் கன்னியாகுமரி சாலை, இன்னொரு பக்கம் மயிலாடி, சுசீந்திரம் வழியாக நாகர்கோவில். நாஞ்சில் நாட்டின் பச்சை வயலும் தெற்குச் சீமையின் பனங்காடும் கைகோக்கும் இடம் இது.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் ஒரு பிள்ளையாவது இருப்பது சாதாரணம். அதனால் இங்கே போன் என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. வளைகுடாவிலிருந்து மகன் முகம் காட்டுவது அதில்தான். கடலோர ஊர்களிலோ அது உயிர்ச்செய்தி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, கடலுக்குப் போனவர்களின் குரல் ஒருமுறை கேட்டுவிடாதா என்று போனைக் கையில் பிடித்தபடி எத்தனையோ குடும்பங்கள் நாட்கணக்கில் காத்திருந்தன. அந்த மக்களிடம் போய், ‘போன் கெட்டது’ என்று யாரும் பேசிவிட முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் மகன் வீட்டுக்கு வருகிறான். அம்மா மரச்சீனி அவித்து, தேங்காய் அரைத்து மீன் குழம்பு வைக்கிறாள். அவனோ சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, அங்கே விட்டு வந்த நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். அங்கே இருந்தபோதும் போனில்தான் இருந்தான். இங்கே வந்த பிறகும் போனில்தான் இருக்கிறான் என்றால், அந்தத் தாய்க்கு அவன் எப்போதுதான் வீடு வந்து சேர்வான்?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறலாம்.

சிற்பி கை சொல்லும் பாடம்

முதலில் வருவது மயிலாடி. கற்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். சாலையோரப் பட்டறைகளில் பாதி முகம் திறந்த பிள்ளையாரும், இன்னும் கண் திறக்காத அம்மனும் வெயிலில் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு கையில் உளி, மறு கையில் சுத்தியல். இரண்டு கையும் வேலையில் இருக்கும் மனிதரைப் பார்ப்பதே இப்போதெல்லாம் ஓர் ஆறுதல். கவனம் ஒரு நொடி சிதறினால் தெய்வத்தின் மூக்கு போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதே மயிலாடியில்தான் 1806-ல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே, தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தத் திருச்சபையை வளர்த்தார். அந்தப் பாரம்பரியத்தில் வந்த வீடுகளில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் என்று ஒரு வழக்கம் உண்டு. தாத்தா முதல் பேரன் வரை பாயில் உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடி, வேதாகமத்தில் ஒரு பகுதி வாசித்து, அன்றைய கவலைகளைச் சொல்லி ஜெபிப்பார்கள். இப்போது வேதாகமமும் போனிலேயே வந்துவிட்டது. வசதிதான். ஆனால், வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே ஒரு செய்தி வந்து மேலே எட்டிப் பார்க்கும்போது, விரல் எந்தப் பக்கம் போகும்?

சுசீந்திரத்தில் காது திறக்கும்

அடுத்து சுசீந்திரம். சிவன், திருமால், பிரம்மா மூவரும் தாணுமாலயனாக ஒன்றாய் எழுந்தருளியிருக்கும் தலம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையிலேயே போய்விடுவது நல்லது.

அலங்கார மண்டபத்தில் இருக்கும் நான்கு இசைத்தூண்களை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கிய மெல்லிய தூண்களின் கொத்து. தட்டினால் வெவ்வேறு சுரம் எழும்பும். அந்த ஒலி மெல்லியது. சுற்றிலும் சத்தம் இருந்தால் அது காதுக்கு எட்டாது. கல் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் மனிதர்கள் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். 18 அடி உயர ஆஞ்சநேயர் முன்னால் நிற்கும்போதும் அப்படித்தான். அவரை ஒரு படத்துக்குள் அடக்கப் பார்ப்பதைவிட, கழுத்தை நிமிர்த்தி முழுதாய்ப் பார்ப்பதில்தான் அந்த உயரம் புரியும்.

கோயில்களுக்குள் போன் கூடாது என்பது இப்போது வெறும் அறிவுரை அல்ல. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கோயிலின் தூய்மையும் அமைதியும் காக்கப்பட வேண்டும், போன்களை வாங்கி வைக்கப் பாதுகாப்பான ஏற்பாடு வேண்டும் என்றது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018-ம் ஆண்டே பக்தர்கள் போன் கொண்டு செல்வது தடை செய்யப்பட்டுவிட்டது.

ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால், போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். முதல் ஐந்து நிமிடம் கை அடிக்கடி பாக்கெட்டைத் தடவும். பிறகு அது அடங்கிவிடும். பிரகாரம் சுற்றும்போது கணவனும் மனைவியும் பேசிக்கொள்வார்கள். குழந்தை தூணில் இருக்கும் யாளியைக் காட்டி ஏதோ கேட்கும், அப்பா பதில் சொல்வார். சந்நிதியில் திரை விலகும்போது கைகள் தாமாகவே கூப்பும். ஒரு கையில் போன் இருந்தால் கும்பிடக்கூட முடியாதே!

இந்தத் தலத்தின் புராணக் கதையும் வீட்டுக்கு உரியதுதான். கற்பைச் சோதிக்க வந்த மும்மூர்த்திகளையும் பச்சைக் குழந்தைகளாக்கி அமுதூட்டினாள் அனுசூயை. தெய்வமே ஆனாலும் அம்மா கையால் சாப்பிடக் குழந்தையாக வேண்டியிருந்தது. இன்றைக்கு எத்தனை வீடுகளில் போனில் பாட்டு ஓடினால்தான் குழந்தை வாய் திறக்கிறது? 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய பாட்டிகள் எந்த அறிக்கையும் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சாமிதோப்பில் ஒரு கண்ணாடி

சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் சற்று விலகினால் சாமிதோப்பு. அய்யா வைகுண்டர் (1809-1851) வாழ்ந்து வழிகாட்டிய இடம், அய்யாவழி மக்களின் தலைமைப்பதி. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மார்புத் துணியும் தலைப்பாகையும் மறுக்கப்பட்ட காலத்தில், ‘தலைப்பாகை கட்டி வந்து கும்பிடுங்கள்’ என்றவர் அய்யா. இன்றும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள். நெற்றியில் வெள்ளை நாமம்.

பள்ளியறையில் சிலை கிடையாது. விளக்கும், விளக்குக்குப் பின்னால் ஒரு கண்ணாடியும்தான். கும்பிட நிற்பவருக்கு அதில் தெரிவது அவரவர் முகம். இறைவன் உனக்குள்ளேதான் இருக்கிறான் என்பதைப் படிப்பறிவு இல்லாதவருக்கும் ஒரு நொடியில் புரிய வைத்த ஏற்பாடு அது.

நாள் முழுக்க நாம் பார்க்கும் போனும் ஒரு கண்ணாடிதான். அதிலும் நம் முகத்தை ஓயாமல் பார்த்துக்கொள்கிறோம். ஆனால், அழகாய் விழுந்திருக்கிறோமா, எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதுதான் அங்கே கேள்வி. சாமிதோப்புக் கண்ணாடியோ ‘நீ யார்?’ என்று மட்டும் கேட்கிறது. அங்கே பதில் சொல்லக் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது.

பாறையில் இரண்டு காட்சிகள்

மதியம் கன்னியாகுமரி. 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கிறது. காலடியில் அலை புரள, அதன் மேல் நடப்பது நல்ல அனுபவம்தான். ஆனால், பாலத்தில் பெரும்பாலோர் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள், செல்ஃபிக்காக!

பாலத்தின் ஒரு முனையில், விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்குள் தியான மண்டபம் இருக்கிறது. அரையிருட்டு, ஓம் என்ற ஒளி, பேச்சே இல்லாத அமைதி. படம் எடுக்க அனுமதி இல்லை. 1892 டிசம்பரில் இந்தப் பாறையில் அமர்ந்து சுவாமி விவேகானந்தர் மூன்று நாள் தியானம் செய்தார். அவருக்கு மூன்று நாள். நமக்குப் பத்து நிமிடம் போதும். வெளியே வரும் குடும்பங்கள் சற்று நேரம் மெல்லிய குரலில்தான் பேசுகின்றன. வெளியே கடல் அதே கடல்தான். காற்றும் அதே காற்றுதான். இப்போதுதான் அவை காதில் விழுகின்றன.

திரும்பும் வழியில் வட்டக்கோட்டை. குளச்சல் போரில் தோற்றுப் பிறகு திருவிதாங்கூரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய், 18-ம் நூற்றாண்டில் பலப்படுத்திய கடற்கோட்டை இது. மதில் மேல் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலைத்தொடர். பிள்ளைகளை ஓட விட்டுவிட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

வீட்டுக்கு யார் சட்டம் போடுவது?

கோயிலில் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. தியான மண்டபத்தில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அஞ்சுகிராமத்துக்குத் திரும்பி வீட்டு வாசலை மிதித்ததும் எந்தக் காவலாளியும் போனைக் கேட்பதில்லை. கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் வட்காவ் என்ற சிறு கிராமம் இதற்கு ஒரு வழி கண்டது. 2022 சுதந்திர தினத்திலிருந்து, தினமும் மாலை ஏழு மணிக்கு அங்குள்ள கோயிலில் சைரன் ஒலிக்கும். உடனே டி.வி.யும் போனும் அணைய வேண்டும். எட்டரைக்கு மறுபடியும் சைரன் ஒலிக்கும் வரை பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். கொரோனா காலத்தில் பாடத்துக்காகப் பிள்ளைகள் கைக்கு வந்த போன் அதன் பிறகும் கையை விட்டு இறங்கவில்லை என்ற கவலையில்தான் ஊர் கூடி இந்த முடிவை எடுத்தது.

நம் ஊர்களுக்குப் புதிதாக சைரன் தேவையில்லை. அந்தி சாயும் நேரத்தில் கோயில் மணி கேட்கிறது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்கிறது. தேவாலய மணி கேட்கிறது. அய்யாவின் பதிகளில் உகப்படிப்பு நடக்கிறது. விளக்கு வைக்கும் நேரம் என்று நம் முன்னோர் வைத்துவிட்டுப் போனதே ஒரு சைரன்தானே!

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. விளக்குப் பக்கத்திலோ, ஜெபம் செய்யும் இடத்திலோ ஒரு பனையோலைப் பெட்டியை வையுங்கள். அந்தி நேரத்தில் ஒரு மணி நேரம் வீட்டிலுள்ள எல்லா போனும் அதற்குள் இருக்கட்டும். பெரியவர்கள் முதலில் போட வேண்டும். அப்பா கையில் போனை வைத்துக்கொண்டு மகனை அதட்டினால் எடுபடாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அந்த நேரத்தில் கூப்பிட்டால்? தாராளமாக எடுக்கலாம். ஒருவர் காதில் வைத்துக்கொண்டு தனியே போகாமல், போனை நடுவில் நிறுத்தி வைத்து எல்லோரும் பேசுங்கள். அவனையும் அந்தப் பாயில் உட்கார வைத்தது போலாகும். பேசி முடித்ததும் போன் பெட்டிக்குப் போகட்டும்.

அஞ்சுகிராமத்தில் இருட்டிவிட்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் பேரன் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளே விளக்கை ஏற்றிவிட்டுப் பாட்டி எட்டிப் பார்க்கிறாள்.

“மக்கா, அத அங்கன வச்சிட்டு வா. சோறு ஆறுது.”

அவன் இன்னும் ஒரு நிமிடம் என்கிறான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவன் போனைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே வருகிறான். அவன் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் பரிமாறத் தொடங்குகிறாள்.