ஜமக்காளத்து மரியாதை

அன்னூரில் கலியாண மண்டபமென்றால், முகூர்த்தத்திற்கு முந்தின இரவு ஒரு மூலையில் பவானி ஜமக்காளம் விரியும். இரண்டு கட்டுச் சீட்டும் வந்து சேரும். திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு நடத்துகிற நாம், அந்த மூலைக்குப் போகலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். போகிறோம். ரம்மியில் திறமைக்கே பெரும்பங்கு என்று சுப்ரீம் கோர்ட்டு 1968-ஆம் வருஷத்திலேயே சொல்லிவிட்டது. சென்னை ஹைகோர்ட்டும் 2023-இல் ரம்மியையும் போக்கரையும் ஒருசேரத் திறமை ஆட்டம் என்றே கருதியது. நமக்கு அது பெரிய ஆறுதல்.

ஜமக்காளத்துக்கென்று எழுதாத சட்டங்கள் உண்டு. பதின்மூன்று சீட்டும் போட்டு முடியுமுன் கையில் எடுக்கலாகாது. கீழே போட்ட சீட்டைத் திரும்ப எடுப்பது கேவலம். ஜெயித்த கையோடு, 'தூக்கம் வருகிறது' என்று எழுந்து போகிறவரை அடுத்த கலியாணத்தில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். பின்னாலிருந்து வேடிக்கை பார்ப்பவருக்கு வாய் கிடையாது. நம் ஊரில் இந்த ஒரு சட்டம் மட்டும் அமலுக்கு வந்ததே இல்லை!

சில வருஷங்களுக்கு முன் அப்படியோர் இரவில், நமக்கு அடுத்த கையாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை. வெளிச்சத்துக்காகச் சீட்டு விசிறியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார். அவர் கை முழுவதும் நமக்குத் தெரிந்தது. இஸ்பேடு ஏழும் ஒன்பதும் வைத்துக்கொண்டு எட்டுக்காகக் காத்திருந்தார். அசல் ரம்மி சேர அது ஒன்றுதான் பாக்கி. எட்டு நம்மிடம் இருந்தது. நமக்கு உதவாத சீட்டு. நியாயமாக அடுத்து நாம் கீழே போட்டிருக்க வேண்டியது.

"சீட்டை மறைச்சுப் புடிங்கண்ணா" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. எட்டையும் போடவில்லை. அந்த ஒரு சீட்டுக்காக நம் கையையே மாற்றி அமைத்து, ஐந்தாறு சுற்றுக்குப் பின் ஆட்டத்தை முடித்தோம். அசல் ரம்மி இல்லாததால் அவர் கையிலிருந்தது அத்தனையும் கணக்காகி, 80 புள்ளி விழுந்தது. புள்ளிக்கு ஐம்பது பைசா, நாற்பது ரூபாய்.

மேனாட்டுப் போக்கர் மேஜைகளில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவருக்குக் காட்டிய சீட்டை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதைத்தான் கோர்ட்டார் திறமை என்றார்கள். நம்முடையதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாம் முடித்த சீட்டுகளை விரித்ததும் பெரியவர் குனிந்து, ஒட்டாமல் தனியே கிடந்த அந்த இஸ்பேடு எட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

"வாத்தியார் தம்பி சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க" என்றார், மெதுவாக.

பிறகு மடியிலிருந்து நான்கு பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு, சீட்டைக் கலைக்கத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வாங்கினால் களவு, மறுத்தால் பத்துப் பேர் நடுவே ஒப்புக்கொண்டதாகும். வாங்கிக்கொண்டோம்.

அடுத்த தை மாதம் அவர் கண் அறுவை செய்துகொண்டார். இப்போதும் ஆடுகிறார், நம்மையும் அழைக்கிறார். சீட்டை மட்டும் பழையபடி சாய்த்தே பிடிக்கிறார்.