முட்டை வடிவ மைதானமும் பதினொரு மீட்டரும்

கலைச்சொற்களைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு. ஒரு சொல்லில் கால் இடறினால் பொருளின் அடிவரை போய்ப் பார்க்காமல் திரும்ப மாட்டோம். சென்ற மாதம் நான் இடறிய சொல் ‘நீள்வட்டம்’.

ஓட்டப்பந்தயத் தடத்தை நாம் நீள்வட்டம் என்றே எழுதுகிறோம். கணிதத்தில் அது நீள்வட்டமன்று. இரண்டு நேர்கோடுகளை இரண்டு அரைவட்டங்கள் இணைக்கும் வடிவம் அது. 400 மீட்டர் தடத்தில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர். உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால்தான் 400 வரும். உண்மையான நீள்வட்டத்தில் தடம் போட்டால், அதற்கு இணையாகச் சீரான அகலத்தில் வரையும் அடுத்த கோடு நீள்வட்டமாக இராது. ஓடுபவரின் வளைவும் ஒவ்வோர் அடியிலும் மாறிக்கொண்டிருக்கும். சொல் பிழையாக இருந்தாலும் வடிவத்தைத் தேர்ந்தவர்கள் பிழை செய்யவில்லை.

ஆனால் எல்லா இடமும் அந்த வடிவத்துக்கு இடங்கொடுப்பதில்லை. அமெரிக்காவின் டார்லிங்டனில் 1950இல் திறக்கப்பட்ட கார்ப் பந்தயத் தடம் முட்டை வடிவிலானது. நிலத்தை விற்றவர் தம் மீன்குட்டையைத் தொடக்கூடாது என்றதால் ஒரு முனையை ஒடுக்கினார்கள் என்பது அத்தடத்தின் புகழ்பெற்ற கதை. ஒரு முனைக்கு ஏற்பக் காரைச் சீரமைத்தால் மறுமுனையில் அது தடுமாறும். போகோனோ தடத்துக்கோ மூன்றே திருப்பங்கள்; முதல் திருப்பத்தின் சாய்வு 14 டிகிரி, கடைசித் திருப்பத்தின் சாய்வு 6 டிகிரி. நம் நாட்டுப் பந்தயங்களோ சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் வளர்ந்து, பிறகு இருங்காட்டுக்கோட்டைக்கு நகர்ந்தவை. இத்தகைய சாய்தளத் தடத்தின் சிக்கல்கள் நமக்குப் பழக்கமில்லை.

எனக்கோ ஒரு முட்டை வடிவத் தடம் நன்றாகத் தெரியும். அல்சூரில் நான் படித்த பள்ளியின் மைதானம் அது. ஒரு மூலையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதை வெட்ட யாருக்கும் மனமில்லை. ஆகவே மரத்தடி வளைவு இறுக்கமாகவும் எதிர்ப்புற வளைவு அகலமாகவும் அமைந்தன. ஒரு சுற்று 200 மீட்டர். விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள், உடற்கல்வி ஆசிரியர் முளையும் கயிறும் கொண்டு சுண்ணாம்புக் கோடு போடுவார். நாங்கள் வாளி தூக்குவோம்.

ஏழாம் வகுப்பில் ஒரு சுற்றுப் பந்தயம். நான் முதல் தடத்தில், என் தோழி நான்காம் தடத்தில். வெளித்தடத்தின் சுற்றளவு அதிகம் என்பதால் அவளை முன்னால் நிறுத்த வேண்டும். இதையே ஸ்டாகர் என்பார்கள். ஆசிரியரிடமிருந்த கையேட்டில் 400 மீட்டர் தடத்தின் அளவு இருந்தது: நான்காம் தடத்துக்கு 22 மீட்டருக்குச் சற்று மேல். நம் தடம் அதில் பாதி, ஆகவே ஸ்டாகரும் பாதி என்று முடிவு செய்து, 11 மீட்டரில் கோடு போட்டார். எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டாகர் தடத்தின் நீளத்தைப் பொறுத்ததே அன்று. தடத்தின் அகலத்தை, ஓடுபவர் மொத்தமாகத் திரும்பும் கோணத்தால் பெருக்கினால் கிடைப்பது அது. வட்டமோ முட்டையோ முக்கோணமோ, முழுச் சுற்றில் அனைவரும் 360 டிகிரிதான் திரும்புகிறார்கள். 1.22 மீட்டர் அகலத் தடமொன்றுக்கு ஏறத்தாழ 7.67 மீட்டர், மைதானம் சிறுத்தாலும் இது சிறுப்பதில்லை. அன்று அவளுக்கும் 22 மீட்டருக்கு மேல் தந்திருக்க வேண்டும். அவள் என்னைவிட ஏறத்தாழ 11 மீட்டர் கூடுதலாக ஓடினாள். என்னிடம் இரண்டு முழ தூரத்தில் தோற்றாள்.

எனக்குச் சாதகமாகவும் ஒரு வாதத்தைத் தேடினேன். மரத்தடி வளைவின் உள்தட ஆரம் 14 மீட்டர் என்று கொள்வோம். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் நான் அங்கே 15 டிகிரி சாய வேண்டும். அவளுக்கு 12 போதும். தூரத்தைச் சமன்செய்தாலும் இறுகிய வளைவின் சிரமத்தைச் சமன்செய்ய முடியாது என்பதே இத்தகைய தடங்களின் தீராத சிக்கல். ஆனால் அந்த மூன்று டிகிரியைக் கொண்டு பதினொரு மீட்டரை ஈடுகட்ட என்னால் இயலவில்லை.

யாரும் ஏமாற்றவில்லை. ஆசிரியர் முழுநாள் வெயிலில் நின்று அளந்தவர். ஆனால் அடுத்த ஆண்டு அவள் பெயர் கொடுக்கவில்லை. “எனக்கு ஓட்டம் வராது” என்று சொல்லிவிட்டாள். நாங்களும் நம்பினோம்.

போன ஞாயிறு ஏரிக்கரையில் அவளைச் சந்தித்து, ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். “இதைச் சொல்லவா கூப்பிட்டே?” என்று சிரித்தாள். காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சிறிது நேரம் கழித்து, “பதினொண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

சான்றிதழ் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.