வலது இருக்கைக்கு மாறும்போது

டீர் வேலி விமான நிலையத்தில் கோடைக் காலத்தில் ஆறு மணிக்கே வெயில் உறைக்கிறது. ஃபீனிக்ஸ் நகரின் வடக்கே, கடல் மட்டத்திலிருந்து 1,478 அடியில் இருக்கிறது நிலையம். பிற்பகலில் 40 டிகிரி தொட்டால் காற்று லேசாகி, தரையில் நிற்கும் விமானமே 4,800 அடி உயரத்தில் இருப்பதுபோல் திணறும். அதனால் பயிற்சிகள் விடியலிலேயே தொடங்கிவிடுகின்றன.

நான் பார்க்கப் போனது ஓர் ஒத்திகை. பயிற்றுநர் உரிமத்துக்கான செய்முறைத் தேர்வான செக்ரைடுக்குத் தயாராகும் ஓர் இளம்பெண். வணிக விமானி உரிமம், எழுத்துத் தேர்வுகள், ஸ்பின் பயிற்சிக்கான கையெழுத்து எல்லாம் முடித்தவர். அவருடைய மூத்த பயிற்றுநர் தேர்வாளர் வேடமும் போட்டார், மக்கு மாணவன் வேடமும் போட்டார். இரண்டாவது வேடம்தான் அவருக்குப் பிடித்திருந்தது போலும்.

"இறக்கை எப்படிங்க மேலே தூக்குது?"

அந்தப் பெண் வெள்ளைப் பலகையில் இறக்கையை வரைந்தார். மேல்புறம் நீளம், அதனால் அங்கே போகும் காற்று வேகமாக ஓடி, கீழ்க்காற்றோடு சேர வேண்டும் என்றார்.

"ரெண்டும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னு யார் சொன்னது?"

பதில் இல்லை. உண்மையில் மேல்காற்று முன்னதாகவே போய்விடும். முதலில் கற்றது ஆழப் பதியும் என்ற கற்றல் விதியும் இந்தத் தேர்வுக்குப் பாடம். பள்ளியில் யாரோ பதித்த பிழை விமானி உரிமம் வரை அவரோடு வந்திருந்தது! அழித்துவிட்டு, காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுவதிலிருந்து மறுபடி தொடங்கினார். இம்முறை எனக்கே புரிந்தது.

பிறகு கையெழுத்து விவகாரங்கள்: மாணவனைத் தனியே பறக்க விடும் ஒப்புதல் 90 நாளுக்கு, பயிற்றுநரின் பதிவேடு 3 ஆண்டுக்கு. மடமடவென்று சொல்லிவிட்டார்.

பின்னிருக்கையில் ஏறுமுன் என் எடையைப் பவுண்டில் கேட்டு, எரிபொருளைக் குறைத்தார்கள். செஸ்னா 172எஸ் தன் எடையும் சேர்த்து 2,550 பவுண்டுக்கு மேல் எடுக்காது. ஆண்டுக்கணக்கில் இடது கையால் திருப்பி, வலது கையால் த்ராட்டிலைப் பிடித்தவருக்கு, பயிற்றுநர் அமரும் வலது இருக்கையில் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. அதோடு, வாயும் ஓயக் கூடாது.

லேக் பிளசன்ட் பக்கம் போய், தரையில் இரண்டு இலக்குகளைத் தேர்ந்து எட்டு போட்டார். இறக்கை முனை இலக்கை விட்டு நகரக் கூடாது. தரைவேகம் 100 நாட் என்றால் அதற்கான உயரம் தரையிலிருந்து சுமார் 885 அடி. வேகம் மாறினால் அதுவும் மாறும். "இலக்கு முன்னால நழுவுது, நாம அதிக உயரத்துல இருக்கோம், மூக்கை இறக்கறேன்" என்று கை செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

உயரே ஏறியதும் 'மாணவன்' வேண்டுமென்றே திருப்பத்தில் மூக்கைத் தூக்கினார். வேகம் குறைந்தது. இறக்கை தூக்குவிசையை இழக்கப் போவதை எச்சரிக்கும் ஸ்டால் ஹாரன் முனகத் தொடங்கிய கணமே அந்தப் பெண் கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டார். எனக்கு நிம்மதி, மூத்தவருக்கு இல்லை.

"அவசரப்பட்டுட்டீங்க. அவன் தப்பை அவனே உணர விடலையே."

"எவ்வளவு நேரம் பொறுக்கறது?"

"கீழே 3,000 அடி இருக்கு, வாயால சொல்லிப் பாருங்க. ஓடுபாதைக்குத் திரும்பறப்போ 500 அடியில இதையே செஞ்சான்னா, அப்ப ஹாரனுக்குக்கூடக் காத்திருக்காதீங்க."